அண்ணைக்கு நான்தான் காது

என் வலது தோளில் ஒரு விரல் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரியாலையில் எங்கள் வீட்டு முன்னறை. யன்னலால் கடல்நீரேரிப் பக்கத்து உப்புக் காற்று வந்துகொண்டிருந்தது. மேசையில் பால் விடாத பிளேன்ரீ ஆறிப்போய்க் கிடந்தது. நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தண்ணீர் புகுந்த ஓர் இரும்பு ஆலைக்குள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆலை கணினித் திரைக்குள் இருக்கிறது. துப்பாக்கி பிடித்த இரண்டு கைகள் மட்டும் திரையின் அடியில் தெரியும். அந்தக் கைகள் நம்முடையவை. நடக்கிற ஆளை நாம் பார்ப்பதில்லை, நாமே நடக்கிறோம், நாமே சுடுகிறோம், நாமே சாகிறோம். நாற்பதை எட்டப் போகிற, மருந்துக்கடை நடத்துகிற ஒரு பெண்ணுக்கு இது என்ன பழக்கம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் சாகக் கூடாது. இந்த விளையாட்டில் 'ஒரே உயிர்' என்று ஒரு முறை இருக்கிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே உயிரோடு போகவேண்டும். இடையில் செத்தால் சேர்த்ததெல்லாம் அழிந்து மீண்டும் முதல் கட்டம். மாதக்கணக்காக முட்டி மோதி, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் விரல் தட்டியது. என் கை என்னைக் கேட்காமலே வலது பக்கம் திரும்பிவிட்டது. இடது பக்கத்தில் நின்ற இரும்பு நாய் என் உயிரில் பாதியைக் கடித்து எடுத்தது.

"ஐயோ, அண்ணை!"

விளையாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். கதிரைக்குப் பின்னால் என் அண்ணை நின்றார். கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். லொறியை வாசலில் விட்டுவிட்டு, கையில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு நேரே உள்ளே வந்திருக்கிறார்.

"வலப்பக்கத்தாலை ஒண்டு வந்தது. நீ காணேல்லை" என்றார்.

"எனக்குக் கேட்டது அண்ணை! இடப்பக்கத்தை முடிச்சுப்போட்டு அதுக்குத் திரும்ப இருந்தனான்."

"கேட்டதோ?"

அண்ணையின் முகத்தில் அப்படியொரு சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விளையாட்டை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன், நாய் எங்கும் ஓடிவிடாது.

(போன வாரம் இந்தப் பத்தியில் கிணற்றுக்குள் போன சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தள்ளிவிட்டது யார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதே அண்ணைதான்.)

சந்தை படுத்த நாள்

சமாதான காலம் என்று நாங்கள் சொல்கிற அந்தச் சில வருடங்கள். தெற்கே போகிற ஏ-ஒன்பது பாதை திறந்து, கொழும்பிலிருந்து கணினிகள் வரத் தொடங்கியிருந்தன. சுன்னாகம் சந்தைக்கு எதிரே, ஒரு வெங்காயக் கடையின் மாடியில், தவம் மாஸ்டர் என்பவர் கணினி வகுப்பு நடத்தினார். காலையில் தட்டச்சு படிப்பிப்பார். பின்னேரத்தில் அதே கணினிகளில் பெடியள் சுடுகிற கேம் விளையாடுவார்கள். படி ஏறும்போதே வெங்காயச் சருகு காலில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அங்கே என்ன வேலை? பக்கத்துத் தெருவில் எனக்கு ரியூசன். அண்ணைதான் என்னைச் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அண்ணை விளையாட்டை விட்டு எழும்பமாட்டார். ஆகவே நான் மாடியேறி, அவர் எழும்பும் வரை காத்திருப்பேன். மாஸ்டரின் அந்த மாடிக் கடையில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை.

தொடக்கத்தில் கணினிகளுக்கு ஸ்பீக்கர் இருந்தது. நான் முதன்முதல் மாடியேறிய நாள், சந்தை நிறைந்திருந்த நேரம், அண்ணையின் சிநேகிதன் ஒருவன் சத்தத்தை உச்சத்துக்கு வைத்துக்கொண்டு விளையாடினான். அந்த விளையாட்டிலேயே பெரிய துப்பாக்கி அன்றைக்குப் பார்த்து அவனுக்குக் கிடைத்துவிட்டது. யன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்திருந்தன.

கீழே சந்தை படுத்தது.

ஒரே கணத்தில் படுத்தது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. அவ்வளவு பழக்கம். நான் யன்னலால் எட்டிப் பார்த்தபோது வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் முதுகுகள்தான் தெரிந்தன. சந்தியில் சென்றி என்கிற காவலரணில் நின்ற ஆமிக்காரரும் மண்மூட்டைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார்கள். அந்த அமைதிக்கு நடுவில், மாடியிலிருந்து ஒரு பூதம் வாயைப் பிளந்து அலறியது.

படுத்துக் கிடந்த ஒருவர் தலையை மட்டும் தூக்கி, "உதென்ன, மாடோ கத்துது?" என்று கேட்டார்.

தவம் மாஸ்டர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். "கேம் ஐயா! கேம்! கொம்பியூட்டர் கேம்!" என்று அவர் சென்றியைப் பார்த்துக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு சிப்பாய்கள் மேலே வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கதிரையில் இருந்து கொஞ்சம் விளையாடியும் விட்டுப் போனார்.

சந்தைதான் மாஸ்டரை விடவில்லை. வெங்காயம் விற்கிற அம்மா ஒருவர் அவரைக் காணும்போதெல்லாம், "படுத்தெழும்பினதிலை என்ரை முழங்கால் போச்சுது மாஸ்டர்!" என்று தெருவே கேட்க ஏசுவார். சனம் சிரிக்கும். மாஸ்டரும் சிரிப்பார். ஆனால் அன்று பின்னேரமே அவர் ஒரு குறடு எடுத்து ஸ்பீக்கர் வயர்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். ஹெட்போன் வாங்கித் தருவதாகச் சொன்னார், கடைசி வரை வாங்கவில்லை.

காது வேலை

அதற்குப் பிறகு நாங்கள் அந்த விளையாட்டைச் சத்தமே இல்லாமல் விளையாடினோம். உலகத்தில் வேறெங்கும் அதை இப்படி விளையாடியிருப்பார்களோ தெரியாது.

சத்தம் இல்லாவிட்டால் என்ன என்று நினைப்பீர்கள். அந்த விளையாட்டில் பேய் நம்மைக் கண்டவுடன் உறுமும். அந்த உறுமலை வைத்துத்தான் பின்னால் ஒன்று வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு முதுகில் அடி விழுந்த பிறகுதான் தெரியும். அண்ணை ஒரு கிழமை முழுக்க முதல் கட்டத்தையே தாண்டமுடியாமல் செத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் 'காது' என்கிற வேலை உருவானது. விளையாடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். விளையாடுகிறவர் திரையின் நடுவைப் பார்க்க, காது திரையின் ஓரங்களைப் பார்க்கும். வலது தோளில் தட்டினால் வலது பக்கம், இடது தோளில் தட்டினால் இடது பக்கம். முதுகில் குத்தினால் பின்னால். தலையில் குட்டினால் 'விட்டுட்டு ஓடு'. வாயால் சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழே ஜெனரேற்றர் போடுகிற சத்தத்தில் எதுவும் விளங்காது. கொஞ்ச நாளில் கடையில் எல்லோருக்கும் ஒரு காது வந்துவிட்டது.

அண்ணைக்கு நான்தான் காது.

நான் கெட்டிக்காரக் காது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. திரையின் அடியில் ஒரு சின்ன முகம் இருக்கும், அடி விழுகிற பக்கம் அதன் கண் திரும்பும். மற்றவர்கள் கவனிக்க முதலே அதை நான் பிடித்துவிடுவேன். ஓர் அறையின் நடுவில் சாவி ஒன்று சும்மா கிடந்தால், அதை எடுத்தவுடன் முதுகுப் பக்கத்துச் சுவர் திறந்து பேய்கள் கொட்டும் என்பதையும் கண்டுபிடித்தேன். அண்ணை சாவியைத் தொட முதலே முதுகில் குத்திவிடுவேன். அண்ணைக்குக் குட்டுகிற சந்தர்ப்பத்தையும் நான் தவறவிட்டதில்லை.

ஆனால் ஒரு விசயம். வென்றால் கடையே அண்ணையின் முதுகில் தட்டும். செத்தால் அண்ணை என் பக்கம் திரும்பி, "காது சரியில்லையடி" என்பார். வருடக்கணக்கில் இதுதான் வழமை. அந்த மாடியில் ஒருநாள்கூட நான் விளையாடுகிற கதிரையில் இருந்ததில்லை. கேட்டும் பார்த்தேன். "உனக்குச் சரிவராது, நீ நல்ல காது" என்றார்கள்.

குந்தியிருக்கிற வீரர்கள்

பிறகு சண்டை திரும்பவும் வந்தது, மாஸ்டரின் கடை மூடியது. நான் படித்தேன், கலியாணம் செய்தேன், மருந்துக்கடை போட்டேன். சுடுகிற விளையாட்டுகளும் மாறிவிட்டன. இடையில் சிலவற்றை விளையாடிப் பார்த்தேன். எனக்கு வெறுத்துப் போனது.

அந்த வீரர்கள் ஓடமாட்டார்கள். நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். இரண்டு துப்பாக்கிக்கு மேல் தூக்கமாட்டார்கள். அடி விழுந்தால் ஒரு சுவருக்குப் பின்னால் போய்க் குந்தியிருக்க வேண்டும், காயம் தானாக ஆறும். காதுக்குள் ஒரு கப்டன் ஓயாமல் கத்திக்கொண்டிருப்பார். சுவருக்குப் பின்னால் குந்தியிருப்பதற்கு எங்களுக்குக் கணினி வேண்டுமா? ஷெல் விழுந்த நாட்களில் பங்கர்க் குழிக்குள் அதை நாங்கள் இலவசமாகச் செய்திருக்கிறோம்.

அப்படியிருக்க, கொஞ்சக் காலத்துக்கு முன்னர், பழைய பாணியில் புதிதாகச் சுடுகிற விளையாட்டுகள் வருகின்றன என்று கேள்விப்பட்டு ஒன்றை வாங்கினேன். பெயர் சொல்லமாட்டேன், விளம்பரமாகிவிடும். திறந்தவுடன் சிரித்துவிட்டேன். அதே சதுரம் சதுரமான சுவர். அதே நிறநிறச் சாவிகள். கப்டன் இல்லை, கதை இல்லை, குந்துவதற்கு இடமில்லை. துப்பாக்கிகள் அத்தனையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு காற்றாய்ப் பறக்கலாம்.

ஹெட்போனை மாட்டினேன். என் இடது காதுக்குப் பின்னால் ஏதோ உறுமியது.

நான் கதிரையிலேயே துள்ளினேன். என்னைத் தட்ட யாரும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது! திரும்பினேன், சுட்டேன், விழுந்தது. பின்னணியில் கிற்றாரும் மேளமும் வெளுத்து வாங்கின, நான் ஓட ஓட அவையும் வேகம் பிடித்தன. பக்கத்து அறையில் படுத்திருந்த என் கணவர் எழும்பி வந்து, "இஞ்சரும், நீர் ஆரோடை சண்டை பிடிக்கிறீர்?" என்று கேட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

அடுத்த நாளே பழையதையும் தேடி எடுத்துப் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

முதல் அதிர்ச்சி, பழையதற்கும் இசை இருந்தது. அத்தனை வருடமும் அண்ணையும் நானும் ஊமைப் படம் பார்த்திருக்கிறோம். எனக்கு மனப்பாடமான ஒவ்வொரு பேய்க்கும் ஒரு குரல் இருந்தது. சந்தையைப் படுக்கவைத்த அந்தப் பூதத்தின் அலறல் மட்டும்தான் எனக்குத் தெரிந்த குரல்.

இரண்டாவது, என் நினைவில் பழையது இன்னும் வேகமாக ஓடியது. விசைப்பலகையால் மட்டும் விளையாடிய எங்களுக்கு ஒருமுறை பின்னால் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பேய்கள் காகிதத்தில் வெட்டி நிறுத்தியவை போல, நாம் கிட்டப் போனால் வெறும் நிறக் கட்டிகளாக உடைந்துபோகும். புதியதில் தாவலாம், சறுக்கலாம், மேலேயும் கீழேயும் குறிபார்க்கலாம். பழையதை நான் மனதில் எப்படி வைத்திருந்தேனோ, புதியதை அப்படிச் செய்திருக்கிறார்கள். செய்தவர்களும் எங்களைப் போல எங்கோ ஒரு மாடியில் வளர்ந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் ஒன்றில் பழையதை அடிக்க ஆளில்லை. அது நம்மைத் தொலைய விட்டது. சிவப்புச் சாவி கிடைக்காமல் ஒரு பின்னேரம் முழுக்க நாங்கள் சுவர் சுவராகத் தடவித் திரிந்திருக்கிறோம். திடீரென்று ஒரு சுவர் வழிவிட்டு உள்ளே ஓர் அறை தெரிந்தால், கடையே எழும்பி வந்து பார்க்கும். புதியதில் ஓர் அறைக்குள் போனால் கதவு பூட்டிக்கொள்ளும், எல்லாவற்றையும் கொன்றால் திறக்கும், அடுத்த அறைக்கு விளக்குப் போட்டு வழிகாட்டும். நல்ல மரியாதைதான். இருந்தாலும் என்னைக் கொஞ்சம் தொலையவிட்டால் என்ன என்று இருக்கும்.

மற்றபடி சுடும்போது கையில் வரும் உணர்வு, ஓட்டம், சத்தம் எல்லாவற்றிலும் என் வாக்குப் புதியதற்கு. பழையதுதான் பெரிது என்று சண்டைக்கு வருபவர்கள் ஒருமுறை ஹெட்போன் மாட்டிவிட்டு வரட்டும்.

தொடாதேங்கோ

சரி, நாய் காத்துக்கொண்டு நிற்கிறது.

அண்ணை முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். அவர் வருடக்கணக்காக இந்த விளையாட்டுகள் பக்கமே வந்ததில்லை. ஆனால் திரையைக் கண்டவுடன் கண் அப்படியே ஓரங்களுக்குப் போனது.

"பாதி உயிர்தான் கிடக்குது. நீ விளையாடு, நான் காதா இருக்கிறன்" என்றார்.

"வேண்டாம் அண்ணை. இது கடைசிக் கட்டம், செத்தால் எல்லாம் போயிடும்."

"ஏனடி? கடைசிக் கட்டமெண்டு சொல்லுறாய். தனிய ஏலாது."

"தொடாதேங்கோ. செத்தாலும் பரவாயில்லை, தொடாதேங்கோ."

அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஹெட்போனை மாட்டினேன்.

நாயை முடித்தேன். ஆலையின் இருட்டான நடைபாதையில் இடது பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம். இடது பக்கம் திரும்பிச் சுட்டேன். வலது பக்கத்தில் நீர் சலசலத்தது, அதையும் முடித்தேன். இனிக் கடைசி அறை. பெரிய, காலியான, வட்டமான அறை. நடுவில் ஒரு நீலச் சாவி சும்மா கிடந்தது.

அண்ணை கதிரையில் நெளிந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

சாவியைத் தொட்டேன். முதுகுப் பக்கத்துச் சுவர் உறுமிக்கொண்டு திறந்தது. நான் அதற்கு முதலே பாதி திரும்பிவிட்டேன். ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு கூட்டம். பின்வாங்கியபடியே சுட்டேன், வட்டமாக ஓடிக்கொண்டே சுட்டேன். இசை உச்சத்துக்கு ஏறியது. எதை எந்தக் காதில் கேட்டேன் என்று இப்போது சொல்லத் தெரியாது, எல்லாம் கேட்டது, எல்லாவற்றுக்கும் கை போனது. கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. கடைசியாய் ஒன்றே ஒன்று நின்றது. நான் வெல்லப் போகிறேன். எனக்கு அது தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

கண்ணின் ஓரத்தில் அண்ணையின் கை எழும்பியது. என் தோளுக்கு மேலே வந்து, அங்குமிங்கும் அலைந்து, இறங்க இடம் தெரியாமல் அப்படியே நின்றது.

கூரையிலிருந்து ஏதோ என் தலையில் விழுந்தது. திரை சிவந்தது. இசை நின்றது. 'நீ இறந்துவிட்டாய்' என்று ஆங்கிலத்தில் எழுத்துகள் வந்தன. மாதக்கணக்கான என் ஒரே உயிர் போய்விட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"நான் கண்டனான்" என்றார் அண்ணை மெதுவாக. "நிலத்திலை நிழல் பெருத்துக்கொண்டு வந்தது. ஆனால் மேலையெண்டால் எங்கை தட்டுறது? எங்கடை கேமிலை மேலை எண்டு ஒண்டு இல்லையே."

உண்மைதான். அந்தப் பழைய விளையாட்டின் நரகத்தில் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. சுன்னாகத்து மாடியில் பழகிய கண், கூரையைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு கேட்டும், இப்படித்தான் செத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு.

"என்னடி, விசரோ? எல்லாம் போச்சுது."

"போகட்டும் அண்ணை! அந்தக் கடையிலை நீங்கள் செத்ததுக்கெல்லாம் நான்தானே ஏச்சு வாங்கினனான். இது நானே செத்தது. ஒருத்தற்றை பிழையும் இல்லை. என்ரை சொந்தச் சாவு!"

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அப்ப நான் வெண்டதெல்லாம்?" என்று கேட்டார்.

"அதை நீங்கள்தான் சொல்லோணும்."

அண்ணை தாடையைச் சொறிந்தார். கொடிகாமத்தில் கத்தரிக்காய் மூட்டைக்கு முன்னால் நின்று விலை பேசும்போதும் அவர் இப்படித்தான் சொறிவார்.

"பாதி உன்ரை" என்றார்.

"பாதியோ?"

"சரி, முக்கால்."

நான் பேசாமல் இருந்தேன். சந்தையில் அவர் செய்வதும் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

"சரியடி, முழுக்க உன்ரைதான்! நான் சும்மா கையை வச்சுக்கொண்டு இருந்தனான், போதுமோ?" என்று சொல்லிவிட்டு, என் மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "தொடங்கு. நீ விளையாடுறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை. எனக்குப் பாக்கோணும்."

முதல் கட்டத்தைத் தொடங்கினேன்.